பொது மீட்டரும் ஏழு ரூபாயும்

இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் ஆறு இறங்கி வருகிறது. கரையிலுள்ள கோவிலின் தெய்வத்தை ஊரார் நீர்காத்த அய்யனார் என்பர். மதரஸாவில் ‘ஷிர்பு’ என்னும் பாடத்தை, அதாவது பாசன நீரில் ஒருவர்க்குள்ள பங்கை, ஓதிய நாள்களில் நம் கண்முன் நின்றது இவ்வாறுதான். கால்வாய் பலர்க்குரியதாயின், பங்காளிகளின் இசைவின்றி ஒருவர் புது மடை திறத்தலாகாது என்பது ஹனஃபீ சட்டம்.

அப்பாடம் சென்னையில், மகன் குடியிருக்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் நம்மை வழிமறித்தது.

மகன் மின்சாரக் கார் வாங்கியிருந்தான். பேட்டரி கொள்வது 30 யூனிட். பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் ஏறும். ஓர் இரவு முழுதும் வேண்டும். தனி வீட்டார்க்கு இது பொருட்டன்று. இங்கோ வீடு மூன்றாம் மாடியில், கார் தரைத்தளத்தில். இடைப்பட்ட சுவரும் தூணும் இருபத்துநான்கு குடும்பங்களுக்கும் பொது. தன் மீட்டரிலிருந்தே கம்பி இழுக்க அவன் கேட்டும், தீப்பிடிக்கும் என்றஞ்சிச் சங்கத்தார் மறுத்துவிட்டனர். வீட்டில் மின்னேற்றலாம் என மின் அமைச்சகம் 2018லேயே கூறியது. புதுக் கட்டடங்களில் ஐந்திலொரு பங்கு நிறுத்துமிடத்துக்கு இவ்வசதி வேண்டுமென 2019இல் மாதிரி விதியும் வந்தது. பழைய கட்டடத்தார்க்கோ அண்டை வீட்டார் மனமே விதி!

ஊருக்குப் புறப்படும் நாள். சுபுஹு தொழுது இறங்கினோம். காவலாளியின் அறைப் பிளக்கிலிருந்து காருக்குக் கம்பி ஓடிற்று.

“இது யார் மீட்டர்?” என்றோம்.

“பொது மீட்டர், அத்தா. ஒரு இரவுதானே?”

ஏறியது இருபது யூனிட். பொது இணைப்புக்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். பங்கிட்டால் குடும்பத்துக்கு ஏழு ரூபாய். ஏழாயினும் பிறர் ஹக்கு அன்றோ? வாயிலடைத்த கல்லாயிற்று நமக்கு. மகனையும் அழைத்துக்கொண்டு கதவு கதவாய்த் தட்டினோம். பலர் சிரித்தனர். இரண்டாம் மாடி மூதாட்டியார் மட்டும் சிரிக்கவில்லை.

“பணம் கிடக்கட்டும் ஐயா. இன்று ஒரு கார். நாளை எல்லா வீட்டிலும் வாங்கினால் இந்தக் கட்டடம் தாங்குமா?”

மறுத்தோரிடையே நியாயமான வினா அவர் ஒருவருடையதே. இருபத்துநான்கும் ஒருசேர ஏறினால் எழுபது கிலோவாட்டைத் தாண்டும். “அவரவர் மீட்டர், அவரவர் ஃபியூஸ், முறைவைத்து இரவுகள், ஆற்று நீருக்கு அப்படித்தான் செய்வார்கள்” என்றோம். கூட்டத்தில் சொல்லச் சொன்னார்.

இதனை எழுதுவது அய்யனார் கோவில் ஆற்றங்கரையில். ஞாயிறன்று கூட்டம். மகன் முறைப் பட்டியல் எழுதுகிறான். தன் பெயரை முதலில் எழுதியிருந்தான். அடித்து, இறுதியில் எழுதச் சொன்னோம். முணுமுணுத்துக்கொண்டே எழுதினான்.