கஞ்சிரா: சில குறிப்புகள்

கச்சேரி தொடங்குமுன் மற்றவர்கள் சுருதி சேர்க்கும்போது, கஞ்சிரா வாசிப்பவர் தோலின் உட்பக்கம் தண்ணீர் தடவிக்கொண்டிருப்பார். காய்ந்த தோல் கீச்சென்று ஒலிக்கும். ஈரம் ஏற ஏற நாதம் கீழே இறங்கும். அளவு மீறினால் தொய்ந்து ஊமையாகிவிடும். ஏசி அரங்கில் சீக்கிரமே மறுபடி இறுகும். பாட்டுக்குப் பாட்டு கவனிக்க வேண்டிய வேலை இது.

*

பலாமரச் சட்டம், ஏழெட்டு அங்குல விட்டம். ஒரு பக்கம்தான் தோல். சட்டத்தில் ஒரு பிளவு, அதில் சில உலோக வில்லைகள். அவ்வளவுதான்.

மிருதங்கத்தின் இரு முகங்களான வலந்தலையும் தொப்பியும் பங்கிட்டுக்கொள்ளும் சொற்கள் அத்தனையையும் இங்கே ஒரே கை வாசித்தாக வேண்டும். மற்ற கை சட்டத்தைப் பிடித்தபடியே விரல்களால் தோலை அழுத்தி நாதத்தை வளைக்கிறது. இவ்வளவு சிறிய வாத்தியத்திலிருந்து கும்கி என்னும் அந்த வளையும் நாதம் எழும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

*

கச்சேரி மேடைக்குக் கஞ்சிராவைக் கொண்டுவந்த பெருமை புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளைக்கு. அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் மேதை. பழனி சுப்பிரமணிய பிள்ளையும் அப்படியே, அவர் இடக்கைக்காரர்.

*

கஞ்சிராக் கலைஞர் ஹரிசங்கர். 2002-ல் போய்விட்டார், ஐம்பது வயதைக்கூடத் தொடாமல். மிருதங்கக் கலைஞர் காரைக்குடி மணியோடு அவர் வாசித்த தனி ஆவர்த்தனங்களில் குறைப்பு வரும் இடங்களைக் கேட்க வேண்டும். ஆவர்த்தனம் பாதியாகி, அதுவும் பாதியாகி, பதில் சொல்லும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும். மிருதங்கத்தின் இரண்டு கைகளுக்கு இவருடைய ஒரு கை ஈடுகொடுக்கும். இந்த வாத்தியத்தை இன்னும் ‘உபபக்கவாத்தியம்’ என்று ஒதுக்குவது அநியாயம்.

*

தோல் விஷயம். மரபாகக் கட்டியது உடும்புத் தோல். மெல்லியது, நன்றாக வளைந்துகொடுப்பது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையும் தோல் விற்பனையும் குற்றம். இப்போது ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கட்டுகிறார்கள். பழைய நாதம் வரவில்லை என்ற குறை காதில் விழுகிறது. அந்தக் குறை உண்மையாகவே இருக்கட்டும், அதற்காக ஒரு உயிரைக் கொல்ல வேண்டாம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கையில் முதல் பாடத்திலேயே ஆட்டுத்தோல் கஞ்சிராவைக் கொடுத்துவிடலாம். அவர்கள் விரல் அதற்கே பழகும். அதில் கும்கி எடுக்கும் வழியையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.