கரையேறிய பிறகுள்ள கால் மணி நேரம்

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கோவளத்தில் சர்ஃபிங் பழகுகிறார்கள். பலகையின் நுனியில் பொருத்திக்கொண்டு போகும் கோப்ரோ கேமராவைப் பராமரிக்கச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நிக் உட்மன் என்ற அமெரிக்கர், அலைமேல் போகும்போதே படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய நிறுவனம் அது. 2004-இல் வந்த முதல் கேமரா, ஃபிலிம் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. 2016-இல் வந்த ஹீரோ 5 பிளாக், தனிக் கூடு இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தண்ணீரைத் தாங்கும்.

அந்தத் தாங்கும் சக்திக்கு முக்கியக் காவல், பேட்டரி மூடியின் உட்புறம் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் விளிம்பு. ஒரு தலைமுடியோ நாலு மணலோ அங்கே சிக்கினால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அதனால் கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்கவே கூடாது. மூடியபடியே நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பட்டன்களை அமுக்கி அமுக்கி விட வேண்டும். இடுக்கில் தங்கிய உப்பு கரைந்து வெளியே வரும். காயவிட்டால் இறுகிப்போய் பட்டனையே பிடித்துக்கொள்ளும். பிறகு துடைத்து, ஈரமில்லாத கையால் திறந்து, ரப்பரை விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலைதான். ஆனால் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் வரும் பிள்ளைக்கு அது மலையாகத் தெரிகிறது. வேலையின் கடைசிப் பகுதியை வேலையாகவே நாம் எண்ணுவதில்லை. மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வைக்காமல் என் தகப்பனார் சோற்றில் கை வைத்ததில்லை. பிள்ளைகளிடம் நான் கேட்பதும் அதைத்தான்.

இன்னொன்று, பதற்றம். திரை அசையாமல் நின்றால் உடனே பேட்டரியைப் பிடுங்குகிறார்கள். பதிவு ஓடும்போது பிடுங்கினால் வீடியோ கோப்பு முடிக்கப்படாமல் அறுந்துபோகும், கணினியில் திறக்காது. பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் கேமரா எழுந்துகொள்ளும். கோப்பு அறுந்திருந்தாலும், அதே கார்டோடு மறுபடி ஆன் செய்தால் கேமராவே சரிசெய்யப் பார்க்கும். அவசரப்பட்டு ஃபார்மட் செய்தால்தான் கைவிட்டுப் போகும். கோளாறு என்றதும் கைக்கு முன்னால் கண் வேலை செய்ய வேண்டும், தம்பிகளே.

உச்சி வெயிலில் ஸ்டாண்டில் நிறுத்தி 4கே எடுத்தால் சூடேறித் தானே அணைந்துவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம். ஓடும்போது மேலே படும் காற்றில்தான் அது குளிர்கிறது. நிழலில் ஆறவிட்டால் போதும். கல்யாண மண்டபத்து விளக்கில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமரா 60-இல் இருக்கும். ஆன்டி ஃப்ளிக்கரை 50-க்கு மாற்றுங்கள். இதற்காகக் கடைக்கு ஓடிக் காசைக் கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

தேர்வு வந்து பலகை ஓரமாகப் போனதும், படங்களை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திய பிறகே கார்டை ஃபார்மட் செய்யச் சொல்கிறேன், அதுவும் கேமராவிலேயே. பேட்டரியைக் கழற்றிப் பாதி சார்ஜில் தனியாக வைக்க வேண்டும். முழு சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் சீக்கிரம் நலிந்துபோகும், சில சமயம் ஊதிக்கொள்ளும். ஊதியதைத் திணித்து மூடக் கூடாது. புதிது வாங்க வேண்டும்.