அருகில் யார் உட்காருவார்?

மருத்துவ உளவியல் மாணவர்களுக்குக் களப்பயிற்சிக்கு இடம் பார்க்கப் போனால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பிள்ளைகள் நோயாளியோடு பேசும்போது பக்கத்தில் யார் உட்காருவார்? தயங்காமல் ஒருவர் பெயரைச் சொல்லும் இடம் சின்னக் கிளினிக்காக இருந்தாலும் போதும். யாருமில்லை என்றால் எவ்வளவு பெரிய மருத்துவமனையும் எனக்கு உதவாது.

இது என் சொந்தப் பிடிவாதம் இல்லை. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் யார் என்று சொல்லும் இடத்தில், இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்புக்குள் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் இருக்க வேண்டும் என்கிறது.

சென்னையில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. தீவிர நோய் நிலையை அருகிருந்து பார்க்க அப்படியொரு பெரிய அரசு மருத்துவமனை வேண்டும். 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், மனச்சிதைவு உள்ளவர்களின் சிகிச்சையிலும் மறுவாழ்விலும் ஊறிய நிறுவனம். வீடற்ற பெண்களுக்காக 1993-இல் தொடங்கியது பேன்யன். ஒரே வகை இடத்தில் இரண்டு வருடமும் கழித்தவருக்கு நோயின் ஒரு முகம்தான் தெரியும். அதனால் வார்டு, குழந்தைகள் பிரிவு, மறுவாழ்வு மையம், மாவட்ட மனநலத் திட்ட முகாம் என்று கலந்து அனுப்பப் பார்ப்பேன்.

மேற்பார்வை என்ன செய்யும் என்பதற்கு செகுயின் ஃபார்ம் போர்டு ஒன்றே போதும். பத்து மரக்கட்டைகளைக் குழந்தை அதனதன் பள்ளத்தில் பொருத்த வேண்டும். மூன்று முறை செய்யச் சொல்லி, மிகக் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்போம். புது மாணவரின் கண் ஸ்டாப்வாட்ச்சிலேயே இருக்கும். ஒவ்வொரு கட்டையை எடுக்கும்போதும் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டே வைப்பது அவர் கண்ணில் படாது. பின்னால் இருக்கும் சூப்பர்வைசருக்குப் படும். அன்று மாலையே கேஸ் ஷீட்டை விரித்து, "நேரம் கூடியதற்குத் திறமைக் குறைவுதான் காரணமா, பயமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை எந்த மேனுவலும் அவருக்காகக் கேட்காது.

ஓ.பி. சீட்டு எழுதவும் டோக்கன் கொடுக்கவும் பயிற்சி மாணவரை உட்கார வைக்கும் இடங்களும் உண்டு. அங்கே லாக்புக் நிரம்பும், சான்றிதழும் வரும், கை மட்டும் பழகாது. அப்படிப்பட்ட இடத்தை எவ்வளவு நெருக்கடியிலும் விட்டுவிடுவேன்.

இடம் கேட்கப் பொதுக் கடிதம் அனுப்பினால் அது கோப்பிலேயே கிடக்கும். ஓ.பி. கூட்டம் குறைந்தபின் நேரில் போய், முதலில் அங்குள்ள உளவியலாளரைப் பார்ப்பேன். வேலை அவர் தலையில்தான் விழப்போகிறது. பிறகுதான் கண்காணிப்பாளர். ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், வாரத்தில் எந்த நாள் கேஸ் டிஸ்கஷன், நோயாளியிடம் அனுமதி கேட்பது யார் என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்வேன். தற்கொலை எண்ணம் தெரிந்தால் மாணவர் யாரை உடனே கூப்பிட வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கும். மாணவர் தனியாகக் கையெழுத்திட்டு எந்த அறிக்கையும் வெளியே போகக் கூடாது.

மருத்துவமனை நடத்துபவர்களிடம் தனி அறையோ உதவித்தொகையோ நான் கேட்பதில்லை. உங்கள் உளவியலாளரின் வார அட்டவணையில் பயிற்சிக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதில் வேறு வேலை எதையும் திணிக்காதீர்கள். நாளை உங்கள் நோயாளிகளைத் தனியாகப் பார்க்கப் போகிறவர் அந்த ஒரு மணி நேரத்தில்தான் தேறுகிறார்.