மிளகுக் கிடங்கும் ஓவியக் கடையும்

மட்டாஞ்சேரி வணிகர்கள் மிளகின் தரத்தை ‘லிட்டர் எடை’யால் அறிவார்கள். ஒரு லிட்டர் கொள்ளளவில் எத்தனை கிராம் மிளகு நிற்கிறது என்பதே அந்தக் கணக்கு. தூசும் காம்பும் பொக்கும் நீக்கப்பட்ட மிளகு ‘மலபார் கார்பிள்டு’ என்ற பெயரில் கப்பலேறியது. 1957-இல் இவ்வூரில் மிளகுக்கு முன்பேர வணிகம் தொடங்கியபோது, சரக்கைக் கண்ணால் பாராமலே விலை பேச முடிந்தது இத்தகைய தர அளவுகளால்தான். அதே பஜார் சாலையில் இப்போது ஓவியமும் விற்கிறார்கள். திலீப் நாராயணனின் ‘ஓஇடி’ கலைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. ஓவியத்துக்கு லிட்டர் எடை கிடையாது. அளவுகோல் இல்லாத பொருளுக்கு விலை சொல்லி, அந்த விலையை வாங்குபவர் நம்பும்படி செய்வதுதான் வணிகக் கலைக்கூடத்தின் தொழில்.

இந்தத் தொழிலைப் பற்றிக் கல்விப்புலத்தில் ஒருவித முகச்சுளிப்பு உண்டு. பியனாலே பற்றி ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. கடை பற்றி எழுத ஆளில்லை. ஆனால் கொச்சியில் பியனாலேக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே கடை வந்துவிட்டது. 1997-இல் அனூப் ஸ்கரியாவும் டோரி யங்கரும் ஃபோர்ட் கொச்சியின் பர்கர் தெருவில், டச்சுக் காலத்து வீடொன்றில் ‘காசி’ கலைக்கூடத்தைத் திறந்தார்கள். சமகால ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் அன்றைய கேரளத்தில் ஏறத்தாழ இல்லை. எனவே முன்புறத்தில் காப்பிக் கடை, உள்ளே படங்கள். பிற்பாடு காசி எட்கர் பிண்டோவின் பொறுப்புக்கு வந்தது. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் அது பெற்ற இன்னொரு இடத்துக்கு ‘ஹலேகுவா இல்லம்’ என்று பெயர். ஹலேகுவா என்பது பரதேசி யூதக் குடும்பம் ஒன்றின் பெயர். அச்சமூகத்தார் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின் அத்தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாகக் கடைகளாயின. கலைக்கூடமும் அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்ததே. 1568-இல் கட்டிய ஜெபக்கூடத்துக்கு நடந்து போகும் பயணி வழியில் ஓவியத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார். இந்தத் தற்செயலை நம்பித்தான் வாடகை கட்ட வேண்டியிருக்கிறது.

இதைத் தமிழ்நாட்டு அனுபவத்தோடு வைத்துப் பார்க்கலாம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியபோது எழுந்த கேள்வியும் இதுவே: படம் விற்காத காலத்தில் கலைஞன் எதைத் தின்பான்? சோழமண்டலத்தார் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். சென்னையில் பாத்திக் ஓவியத்தைத் தாங்கியது. கொச்சியில் காப்பி தாங்கியது. இரண்டிலும் ஓவியம் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கவில்லை. பணிக்கர் மலையாளக் குடும்பத்தவர் என்பதும், டி.கே. பத்மினி உள்ளிட்ட கேரளக் கலைஞர் பலர் அவரிடம் பயிலச் சென்னைக்குத்தான் வந்தார்கள் என்பதும் இந்த ஒப்பீட்டுக்கு வலுவூட்டும். கேரளம் ஓவியர்களை உண்டாக்கியது, வெளியே அனுப்பியது. ரவிவர்மாவிலிருந்தே கதை அதுதான். கிளிமானூரில் பிறந்தவர் பரோடா மன்னருக்காகப் புராணப் படங்கள் வரைந்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவருடைய சந்தை ஊருக்கு வெளியேதான் இருந்தது.

வணிகத்தை எதிர்த்த குரலும் மலையாளிகளிடமிருந்தே உரக்க எழுந்தது. 1987-இல் பரோடாவில் ‘கேள்விகளும் உரையாடலும்’ என்ற கண்காட்சியோடு வெளிப்பட்ட இந்தியப் புரட்சிகர ஓவியர் சிற்பியர் சங்கத்தில் பெரும்பாலோர் கேரளத்தவர். கலை பண்டமாவதை அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1989-இல் சோத்பீஸ் நிறுவனம் பம்பாயில் நடத்திய ஏலத்துக்கு எதிராகச் சுவரொட்டி அடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சங்கத்தின் மையமாக இருந்த சிற்பி கே.பி. கிருஷ்ணகுமார் தற்கொலை செய்துகொண்டார், சங்கமும் கலைந்தது. சங்கத்தின் அறிக்கையை எழுதிய அனிதா துபே, 2018-இல் கொச்சி பியனாலேயின் நெறியாளராக வந்தார். இதை முரண் என்று கேலி செய்வது எளிது, நியாயமும் அன்று. சந்தையை மறுத்த அந்தத் தலைமுறைக்குச் சந்தைக்கு மாற்றாக எந்த ஏற்பாடும் கிடைக்கவில்லை. அருங்காட்சியகம் வாங்கவில்லை, அகாடமியின் உதவித்தொகை வீட்டு வாடகைக்குப் போதாது, நண்பர்கள் சாப்பாடு போட்டார்கள். கிருஷ்ணகுமாரின் மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது தவறு. ஆனால் எஞ்சியவர்களுள் சிலர் பின்னாளில் கலைக்கூடங்களின் வழியாகவே தொடர்ந்து இயங்க முடிந்தது என்பதை வணிகத்தைப் பழிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பணம் வந்தது. 2005-இல் தையப் மேத்தாவின் மகிஷாசுரன் ஓவியம் நியூயார்க் ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு போஸ் கிருஷ்ணமாச்சாரி, மலையாளி வேர்கொண்ட 69 கலைஞர்களைத் திரட்டி ‘டபுள் எண்டர்ஸ்’ கண்காட்சியை மும்பை, டில்லி, பெங்களூர், கொச்சி என்று கொண்டுசென்றார். 2008-இன் நிதி நெருக்கடியில் விலைகள் சரிந்தன. இந்தச் சரிவுக்குப் பின்னரே, 2012 டிசம்பர் 12-இல், அவரும் ரியாஸ் கோமுவும் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியனாலே வந்தது. முதல் பதிப்புக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வந்ததாக அமைப்பாளர்களின் கணக்கு. பியனாலேயில் படைப்புகள் விற்பனைக்கு இல்லை. ஆனால் ஒரு பியனாலேயின் சுவர்க்குறிப்புகளைப் பொறுமையாகப் படிப்பவருக்கு ‘கலைஞர், மற்றும் இன்ன கலைக்கூடத்தின் இசைவுடன்’ என்ற வரி அடிக்கடி கண்ணில்படும். பெரிய படைப்பின் செலவிலும் போக்குவரத்திலும் ஒரு பங்கைத் தாங்குவது பல நேரங்களில் அந்தக் கலைக்கூடமே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பியனாலேக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். கலைக்கூடத்துக்குள் இலவசமாகப் போகலாம். ஆனாலும் மாணவர்கள் சீட்டு வாங்கி அங்கே போகிறார்கள். திறந்து கிடக்கும் கடையின் வாசலில் தயங்கி நிற்கிறார்கள். ‘வாங்க வந்தவரா?’ என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். எந்த ஊழியரும் அப்படிக் கேட்பதில்லை. அந்தக் கூச்சத்துக்கு வெள்ளைச் சுவரும் நிசப்தமும் போதும்.

விற்பனையின் உள்கணக்கு சுருக்கமானது. கலைஞர் படைப்பைப் பொறுப்பில் விடுகிறார். விற்றால் கலைக்கூடம் தரகு எடுத்துக்கொள்கிறது. அது சரிபாதி வரை போவதுண்டு. சட்டகம், விளக்கு, காப்பீடு, கையேடு, திறப்பு விழா எல்லாம் அந்தப் பாதியில் அடங்க வேண்டும். பாதி என்று கேட்டதும் கொதிப்பவர்கள், விற்காத கண்காட்சிகளின் நட்டத்தையும் அதே பாதிதான் சுமக்கிறது என்பதை நினைப்பதில்லை. அரசு 2025 செப்டம்பரில் கலைப்படைப்புகளுக்கான சரக்கு-சேவை வரியை 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது. சிறிய கடைகளுக்கு இது மெய்யான உதவி. கலைஞருக்கான உதவி சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூலப் படைப்பின் விலையில் கலைஞருக்கும் பங்கு உண்டு. அது பத்து விழுக்காட்டுக்கு மிகலாகாது. ஆனால் யார் யாருக்கு விற்றார்கள் என்பது கலைஞருக்குத் தெரிந்தால்தானே பங்கு கேட்க முடியும்? தெரிவிக்கும் பழக்கம் நம் சந்தையில் வேரூன்றவில்லை.

ஆய்வாளர்களுக்கு முதன்மையாகப் படவேண்டியது இந்த ஆவண விவகாரம். தேசிய நவீன கலைக்கூடம் டில்லி, மும்பை, பெங்களூர் ஆகிய மூன்று ஊர்களில் இருக்கிறது; சென்னையிலும் இல்லை, கொச்சியிலும் இல்லை. பியனாலே இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து, சுவர்களை வெள்ளையடித்துவிட்டுப் போகிறது. ஒரு கலைஞரின் முதல் கண்காட்சியில் எவை இருந்தன, என்ன விலை சொல்லப்பட்டது, எது விற்காமல் திரும்பியது, எந்த வீட்டுக்கு எது போயிற்று என்ற செய்திகள் பெரும்பாலும் இந்தக் கடைகளின் பட்டியல் புத்தகங்களிலும் அழைப்பிதழ்களிலும் விலைச்சீட்டுகளிலும் மட்டுமே உள்ளன. மிளகு வணிகர்களின் பேரேடுகளைத் தேடிப்போகும் வரலாற்று மாணவர், பக்கத்துக் கட்டடத்து ஓவியக் கணக்கைக் கேட்பதில்லை.

இடமும் நிலையானதன்று. பயணிகள் பெருகியதால் மட்டாஞ்சேரியின் பழைய கட்டடங்கள் விடுதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஓவியத்துக்கு இடங்கொடுத்த கிடங்கு, அதைவிட அதிக வாடகை தருபவருக்குப் போவதில் வியப்பில்லை. மிளகுக்கும் அதுவே நேர்ந்தது. படங்களை எடுத்துச்செல்லக் கலைஞர்கள் வந்துவிடுவார்கள். கோப்புகளை எடுத்துச்செல்ல இன்றைய நிலையில் எந்தப் பல்கலைக்கழக நூலகமும் வரப்போவதில்லை. கேரளத்தில் திருவனந்தபுரம், திருச்சூர், மாவேலிக்கரை, திருப்பூணித்துறை என்று நான்கு ஊர்களில் ஓவியக் கல்லூரிகள் இயங்குகின்றன. அவற்றின் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தை ஒரே ஒரு கடையின் அலமாரிக்கு ஒதுக்கினாலும் இந்த வேலை தொடங்கிவிடும்.