அம்மா நிற்கும் தூரம்

ஒரத்தநாட்டுப் பக்கம் வாய்க்காலோரத்தில் ஒரு கிராமம். 2022 பிப்ரவரி. சம்பா அறுப்பு முடிந்து தார்ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அந்த நெல்லைக் காலால் அளைந்தபடியே பிள்ளைகள் பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு வருகிறார்கள். காவலுக்கு உட்கார்ந்திருக்கும் தாத்தா குச்சியை ஓங்குகிறார். யார்மேலும் அது இறங்குவதில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் நான். சித்தி இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறாள் என்று வந்தவன். அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டால் இருட்டும்வரை எனக்கு வேலை இல்லை.

மண்டபத்தில் நடப்பது இல்லம் தேடிக் கல்வி. தூணுக்குத் தூண் கயிறு கட்டி எழுத்து அட்டைகள் தொங்குகின்றன. நடத்துகிற பெண்ணை எல்லோரும் அக்கா என்கிறார்கள். அவ்வப்போது ஒரு வாண்டு ‘மிஸ்’ என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடிக்கும். பி.எஸ்சி. கணக்கு படித்து, இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அவளுடைய இரண்டு வயதுப் பையன் சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்ப்பதை முழுநேரத் தொழிலாக வைத்திருக்கிறான். 2021 அக்டோபர் கடைசியில் மரக்காணம் பக்கம் முதலமைச்சர் தொடங்கிவைத்த திட்டம் இது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ளவர்களுக்கு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். மாநிலம் முழுக்க இரண்டு லட்சம் அளவுக்குத் தன்னார்வலர்கள். பெரும்பாலும் இவளைப் போன்ற பெண்கள்.

வந்தவுடன் அக்கா செய்கிற முதல் காரியம் பாடம் அல்ல. செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றுவாள். வருகைப்பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். டவர் எந்த மூலையில் கிடைக்கும் என்று பிள்ளையாருக்கே வெளிச்சம். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடுவார்கள். வருகைப்பதிவோடு பிரதட்சணமும் முடிந்துவிடும்.

கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தால் எழுத்து மறந்துபோகும் என்று எல்லோரும் சொன்னார்கள். திண்ணையிலிருந்து பார்க்கும்போது, எழுத்துக்கும் முன்னால் போன சில தெரிகின்றன. ஒரே இடத்தில் உட்காருவது போயிருக்கிறது. ஒருவன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பது போயிருக்கிறது. அக்கா சொல்லும் கதை பாதியில் இருக்கும்போது மூன்றாம் வகுப்புக்காரன் ஒருவன் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், வேலியோரம் ஒன்றுக்கு இருந்துவிட்டு, அப்படியே வாய்க்கால் பக்கம் போய்விட்டான். கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? வீட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லையே. நாலாம் வகுப்புப் பையன் சிலேட்டை முழங்கையால் மறைத்து எழுதுகிறான். எழுதுவதைவிட எச்சில் தொட்டு அழிப்பதுதான் அதிகம். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தால் அடி விழுகிறது. ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி பதில் சொல்வதெல்லாம் அக்காவின் காதுக்குள். சரியான பதில்தான் போலிருக்கிறது. அக்காவின் முகம் மலர்கிறது. ஆனால் பதில் வெளியே வருவதில்லை.

முகக்கவசங்கள் தாடையில் இருக்கின்றன. ழகரம் சொல்லித்தர அக்கா தன்னுடையதை இறக்கி, நாக்கை மடித்துக் காட்டினாள். இருபது நாக்குகள் வெளியே வந்தன. பாதிப் பேர் மேலே மடிப்பதை விட்டுவிட்டுப் பிள்ளையாருக்குப் பழிப்புக் காட்டினார்கள்.

ஆறாம் வகுப்புக்காரர்கள் இருவருக்குத் தூணுக்குப் பின்னால் தனி உலகம். எத்தனை கில், எவ்வளவு டைமண்ட் என்று ஃப்ரீ ஃபயர் கணக்கு விரல்நுனியில் நிற்கிறது. பலகையில் 42இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்டால், கடன் வாங்குவது மறந்துபோய் 35 என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பிப்ரவரி நடுவில் அந்த விளையாட்டை அரசு தடைசெய்தது. அன்றைக்குத் தூணுக்குப் பின்னால் இழவு வீடு. இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு இருந்தது ஒரு போன். பகலில் அது அப்பாவோடு வயலுக்குப் போனது. சாயங்காலம் வந்த பிறகு அதில் ஆசிரியர் அனுப்பிய வாட்ஸ்அப் பாடமும் இருந்தது, இந்த விளையாட்டும் இருந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும் நேரத்துக்குக் கரண்டு இருக்க வேண்டும், கேபிள் காசு கட்டியிருக்க வேண்டும், அத்தை சீரியல் பார்க்காமல் இருக்க வேண்டும். இவ்வளவும் கூடிவந்த நாட்கள் அதிகம் இருந்திருக்காது.

எல்லோருக்கும் கடைசியாக வருகிறவள் ஏழு வயதுப் பெண். மஞ்சள் கவுன், காலில் கொலுசு. அவளோடு அம்மாவும் வருகிறாள். ஆரம்பத்தில் அம்மா மண்டபத்துக்குள்ளேயே, தூணில் சாய்ந்து நிற்பாள். அவள் புடவைத் தலைப்பின் ஒரு முனை பிள்ளையின் கையில் இருக்கும். மறு கையால் எழுத வேண்டும். எழுதவில்லை.

வகுப்பைக் கேட்டால் இரண்டாவது. ஒன்றாம் வகுப்பில் பேர் சேர்த்தது 2020இல். அந்த வருஷம் முழுக்கப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்காமல் பாஸ். 2021 நவம்பர் 1ஆம் தேதி திறந்தார்கள். அந்த மாதமே டெல்டாவில் அடைமழை, விடுமுறை. ஜனவரியில் ஒமைக்ரான், மறுபடி பூட்டு. பிப்ரவரி 1 மறுபடி திறப்பு. இவளைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம் என்பது திறந்தவுடன் மூடிக்கொள்ளும் ஒரு கட்டடம். போன மே மாதம் இவள் அப்பாயியை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள், திரும்பி வரவில்லை என்று சித்தி படுக்கையிலிருந்தே சொன்னாள். அதனால்தான் இந்தப் பிடி என்று சித்தியின் தீர்ப்பு. இருக்கலாம். சாவு விழாத வீட்டுப் பிள்ளைகளும் இதே மண்டபத்தில் அண்ணனின் டவுசரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் பார்க்கிறேன்.

சின்னவர்களை நாம் கடைசியில் நிறுத்தினோம். 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க 190க்கு மேற்பட்ட நாடுகளில், ஏறக்குறைய 160 கோடிப் பிள்ளைகளின் பள்ளிகள் பூட்டிக்கிடந்தன என்கிறது யுனெஸ்கோ. அந்த ஏப்ரல் நடுவிலேயே டென்மார்க் முதலில் கூப்பிட்டது குழந்தைகள் காப்பகங்களையும் தொடக்கப் பள்ளிகளையும்தான். தமிழ்நாட்டில் 2021 ஜனவரியில் பத்தும் பன்னிரண்டும் வந்தன, அடுத்த மாதம் ஒன்பதும் பதினொன்றும் வந்தன. ஒன்றாம் வகுப்பு வந்து சேர நவம்பர் ஆயிற்று. டென்மார்க்கின் வகுப்பறையும் நம் வகுப்பறையும் ஒன்றல்ல, அது தெரியும். இரண்டாவது அலையை மறந்துவிட்டும் பேசவில்லை. ஆனாலும் இந்த வரிசைக்குள் ஒரு நினைப்பு இருந்தது: பொதுத்தேர்வு எழுதுகிறவருக்கே முதல் கதவு. தேர்வு இல்லாத பிள்ளை காத்திருந்தால் என்ன நஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை. நம்மைவிட அதிகம் காத்திருந்தவர்களும் உண்டு. உகாண்டாவில் 22 மாதங்கள் கழித்து, 2022 ஜனவரி 10ஆம் தேதிதான் பள்ளிகள் முழுமையாகத் திறந்தன.

மஞ்சள் கவுனுக்கு வருவோம். அக்கா அவளைத் தொந்தரவு செய்யவில்லை. ‘அம்மாவைப் போகச் சொல்லு’ என்று ஒரு நாளும் சொல்லிக் கேட்கவில்லை. தன் பையனைத் தூக்கிவந்து அவள் பக்கத்தில் உட்காரவைத்தாள். பையன் வழக்கம்போல் டப்பாவைக் கவிழ்த்தான். சாக்பீஸ் உருண்டது. பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது, தலைப்பு நழுவியது. அம்மா கவனித்துவிட்டாள். மறுநாள் அவள் தூணுக்கு வெளிப்பக்கம் நின்றாள். அடுத்த வாரம் மண்டபப் படியில். அப்புறம் அடிபம்பு. அங்கே நின்று காலிக் குடத்தையே கழுவிக்கொண்டிருப்பாள். பிள்ளை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்கும், அம்மா குடத்தைத் தூக்கிக் காட்டுவாள். மார்ச் பிறந்தபோது நெல் தாத்தாவின் கட்டிலருகே. ஒரு நாள் அங்கேயும் இல்லை. பிள்ளை திரும்பிப் பார்த்தது, பம்பைப் பார்த்தது, தாத்தாவைப் பார்த்தது. தாத்தா என்ன நினைத்தாரோ, குச்சியை உயர்த்தி ஆட்டினார். அவள் திரும்பி, ரெட்டைச் சடைக்காரியின் சிலேட்டில் எதையோ காட்டி, “இது தப்பு” என்றாள். ரெட்டைச் சடைக்காரி ஊருக்கே கேட்கும்படி, “தப்பில்லடீ!” என்றாள். அக்கா இருவரையும் அதட்டவில்லை.

யூனிசெஃப் தன்னுடைய 2021ஆம் ஆண்டின் உலகக் குழந்தைகள் அறிக்கையை முழுக்கவும் மனநலத்துக்கே ஒதுக்கியது. பத்து முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு மேல் மனநலக் கோளாறோடு இருப்பதாக அதில் மதிப்பீடு. அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் பணத்தில் மனநலத்துக்குப் போவது சுமார் 2 சதவீதம். அந்த 2 சதவீதத்தில் ஒரு காசும் இந்த மண்டபத்துக்கு வந்த மாதிரி தெரியவில்லை. குடத்தைக் கழுவிய பெண்ணுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவும் முடியாது.

எழுத்துக்கும் கணக்குக்குமாவது அளவுகோல் இருந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், 2019இல் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த இடத்துக்கு இந்தப் பிள்ளைகள் வெகு கீழே இருந்தார்கள். தமிழைவிடக் கணக்கில் மோசம். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. ஈடானதில் ஏறக்குறைய கால்வாசி இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்கிறது அந்த ஆய்வு. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு இது மிக மலிவு என்று பொருளாதாரக்காரர்கள் மகிழ்வார்கள். அக்காவிடம் கேட்டால் அந்த ‘மலிவு’ வேறு மாதிரி ஒலிக்கும்.

இன்னொருவனைச் சொல்ல வேண்டும். தங்கையை எக்ஸ்.எல். வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுகிற பையன். பதினைந்து வயதிருக்கும். கையில் சிமென்டு காய்ந்திருக்கும். இறக்கிவிட்டதும் போக மாட்டான். வண்டியை ஆஃப் செய்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். பூட்டுப் போட்டபோது எட்டாம் வகுப்பு; பரீட்சை இல்லாமல் பாஸ். ஒன்பதாம் வகுப்பு ஆறு வாரம்போல் நடந்தது. அதுவும் பரீட்சை இல்லாமல் பாஸ். 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவன் சென்ட்ரிங் வேலையில் இருந்தான்.

மார்ச் நடுவில் ஒரு நாள் பலகையில் மறுபடி அதே 42, அதே 17. தூணுக்குப் பின்னாலிருந்து அதே 35.

“இருபத்தஞ்சுடா,” என்றான் வண்டிக்காரன்.

அக்கா திரும்பினாள். “நீ எத்தனாவது?”

“படிக்கலக்கா. வேலைக்குப் போறேன்.”

“டி.சி. வாங்கிட்டியா?”

“இல்ல.”

“அப்ப உன் பேரு பத்தாவதுல இருக்கும். மே ஆறாந்தேதி பரீட்சை.”

“நான் ஒம்பதாவதே படிக்கலக்கா.”

“அந்த வருஷம் யாரு படிச்சா?”

பையன் சிரித்துவிட்டான். சிமென்டைச் சுரண்டிக்கொண்டே, “திங்கக்கிழமை காங்கிரீட் இருக்கு,” என்றான்.

“செவ்வாக்கிழமை காலையில வா. எச்.எம்.மைப் பார்ப்போம். நானும் வர்றேன்.”

“அரை நாள் கூலி போயிடும்.”

“எவ்வளவு?”

“முந்நூறு.”

“எனக்கு மாசத்துக்கே ஆயிரந்தான் தம்பி,” என்றாள் அக்கா. “செவ்வாக்கிழமை வா.”