கட்டின் கனம்

“என்னடா, கட்டு கனக்குது?” என்றார் பெரியப்பா.

திருச்சியில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. சாப்பாடு முடிந்து, ஜமக்காளம் விரித்து, ரம்மி ஜமா கூடுகிற நேரம். ஆட்டம் தொடங்குமுன் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். சித்தி மகள் ஒரு சீட்டை எடுத்தாள், ஆட்டின் ராணி. அதைக் கட்டுக்குள் செருகச் சொல்லி, கட்டைக் கண்ணாடி டம்ளரில் நிறுத்திவிட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன். யாரும் தொடாமல் ராணி மெல்லத் தலையை நீட்டினாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் சமையல்கட்டே வாசலுக்கு வந்துவிட்டது.

கட்டை எடுத்துப் பையில் போடுவதற்குள் பெரியப்பாவின் கை முந்திக்கொண்டது. நாற்பது வருஷம் ரம்மி ஆடிய கை. அவர் பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை ஏந்திப் பார்த்தார், அந்தக் கேள்வியைக் கேட்டார், சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. உள்ளே பொறி வைத்த கட்டு அது. என்ன விலைக்கு வாங்கினேன் என்பது இன்றுவரை வீட்டில் தெரியாது.

அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சீட்டு வித்தை எத்தனையோ இருக்க, இந்த ஒன்றின் மேல் மட்டும் எனக்கு ஏன் இப்படி ஒரு பித்து? மற்ற வித்தைகளில் நடக்க வேண்டியது முன்பே நடந்து முடிந்திருக்கும். சீட்டைத் திருப்பிக் காட்டும்போது ‘எப்போது மாறியது?’ என்றுதான் கேட்பார்கள். எழும் சீட்டு அப்படியில்லை. கண்ணெதிரே, இதோ இப்போது, நடந்துகொண்டிருக்கிறது. ராணியின் கிரீடம் தெரிந்து, முகம் தெரிந்து, கழுத்து தெரிகிற அந்த நாலைந்து விநாடியும் பார்க்கிறவர்களுக்குச் சொந்தம்.

வித்தை பழசுதான். 1876இல் வந்த புரொஃபசர் ஹாஃப்மனின் ‘மாடர்ன் மேஜிக்’ புத்தகத்திலேயே சீட்டை எழுப்ப ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. அமெரிக்க மேடை வித்தைக்காரர் ஹோவர்ட் தர்ஸ்டன் பேர் வாங்கியதும் இதில்தான். சபையில் இருப்பவர்கள் சொன்ன சீட்டுகள் கட்டிலிருந்து கிளம்பி, உயர்த்திய அவர் கைக்குப் போய்ச் சேரும். 1898இல் டென்வர் நகரில், அன்றைய பெரிய வித்தைக்காரரான லியோன் ஹெர்மனிடமே இதைச் செய்து காட்டினார், ஹெர்மனுக்குப் பிடிபடவில்லை. ‘ஹெர்மனையே திகைக்க வைத்தவர்’ என்று விளம்பரம் போட்டுக்கொண்டு தர்ஸ்டன் மேலே போனார்.

ஆனால் தர்ஸ்டனுக்கு மேடை இருந்தது. வெளிச்சம் அவர் சொன்ன இடத்தில் விழும், ஜனம் தூரத்தில் இருக்கும், காட்சி முடிந்ததும் திரை இறங்கும். நமக்கு ஜமக்காளம். முட்டியோடு முட்டி இடிக்கும். திரை கிடையாது, வித்தை முடிந்ததும் பத்துக் கை நீளும்.

பொறிக்கட்டை மூட்டைகட்டிவிட்டு நூலுக்கு மாறினேன். தலைமுடியைவிட மெல்லிசான, கண்ணுக்குத் தெரியாத நூல். கட்டும் சாதாரணக் கட்டு, யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் கண்ணாடி முன் செய்தால் எனக்கே புல்லரித்தது. வெளியே போனால் முதல் எதிரி மின்விசிறி. மே மாசத்துத் திருச்சியில், ‘கொஞ்சம் ஃபேனை நிறுத்துங்க’ என்று சொல்லிப் பாருங்கள். நிறுத்தினாலும், ஏன் நிறுத்தச் சொன்னான் என்பதிலேயே பாதி ரகசியம் போய்விடும். இரண்டாவது எதிரி டியூப்லைட். மூன்றாவது, என் விரல் வியர்வை. ஒரு பிறந்தநாள் விழாவில் சீட்டு பாதி எழுந்து, நூல் அறுந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. “அது களைச்சுப் போச்சு மாமா” என்றது ஒரு குழந்தை.

கடைசியில் திரும்பி வந்தது, பத்து வயதில் கற்றுக்கொண்ட முறைக்கு. சிறுவர் புத்தகங்களிலேயே இருப்பதால் சொல்வதில் பாவமில்லை. ஆள்காட்டி விரலைச் சட்டையில் தேய்த்து, நிமிர்த்திப் பிடித்த கட்டின் மேல் வைத்து உயர்த்தினால், விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு சீட்டு வருவதுபோல் தெரியும். உண்மையில், அதே கையின் இன்னொரு விரல் பின்னாலிருந்து கடைசிச் சீட்டைத் தள்ளுகிறது. இவ்வளவுதானா என்று இத்தனை வருஷம் இதை இளக்காரமாக ஒதுக்கியிருந்தேன்.

செய்து பார்த்தபோதுதான் இதிலும் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்தது. அவர்கள் எடுத்த சீட்டு, அவர்களுக்குத் தெரியாமல் பின்னால் வந்து சேர வேண்டும். அதற்கே ஆறு மாதம் ஆனது. முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டும், இல்லாவிட்டால் காபி கொண்டுவரும் அத்தை பார்த்துவிடுவார். ஆடி ஆடி ஈரம் ஏறிய காகிதச் சீட்டு என்றால் பக்கத்துச் சீட்டையும் இழுத்துக்கொண்டு வரும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் வேகம். சீக்கிரம் தள்ளினால் விரல் தள்ளியது தெரியும். பாதியில் ஒரு கணம் நிறுத்தி, சீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து, அவர் மூச்சு விடாமல் இருக்கும்போது மிச்சத்தை எழுப்ப வேண்டும். அந்த நிறுத்தம் கடையில் கிடைக்காது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பெரியப்பாவை மறுபடி பிடித்தேன். சுவரோரம் உட்கார்ந்து அவருடைய கட்டையே கேட்டு வாங்கினேன். அவரே கலைத்தார், அவரே எடுத்தார். விரலை வேட்டியில் தேய்த்துக் கட்டின் மேல் வைத்தேன். கிளாவர் ஜாக்கி தலை தூக்கினான், நின்றான், அவரைப் பார்த்தான், முழுசாக எழுந்தான்.

கை நீண்டது. கட்டை அந்தக் கையிலேயே வைத்தேன். ஏந்திப் பார்த்தார். எண்ணினார், 52. ஒன்றும் பேசாமல் இன்னொரு கட்டைச் சேர்த்துக் கலைத்து, சுற்றி இருந்தவர்களுக்குப் பதின்மூன்று பதின்மூன்றாகப் போடத் தொடங்கினார்.

எனக்கு மட்டும் போடவில்லை.