எந்தக் கடற்கரை?

மலையிலே பிறந்தவனுக்குக் கடல் முதலில் அறிமுகமாவது ஏட்டில்தான். மொனராகலையில் ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த நான், நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று மனனம் செய்த பின்னரே அலையைக் கண்டேன். இலங்கையின் 25 மாவட்டங்களுள் 14 கடலைத் தொட்டுக் கிடக்கின்றன. ஊவா மாகாணத்தின் பதுளையும் மொனராகலையும் அவற்றுள் அடங்கா. ஆதலால், விடுமுறைக்குக் கடல் காணப் புறப்படும் எங்களவர், எந்தக் கடற்கரை என்னும் வினாவுக்கு முதலில் விடை கண்டாக வேண்டும்.

முதன்முறை நாங்கள் அவ்வினாவை எழுப்பவேயில்லை. ஒரு டிசெம்பர் விடுமுறையில், தோட்டத்து இளைஞர் சிலர் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, கிட்டிய கடல் என்ற ஒரே காரணத்தால் பொத்துவிலுக்குச் சென்றோம். சியம்பலாண்டுவை, லகுகலை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீற்றர். வானம் மூடியிருந்தது, கடல் சாம்பல் நிறமாய்க் கொந்தளித்தது. முழங்காலளவு நீரில் நின்ற என் தம்பியை ஓரலை வீழ்த்த, மீண்ட நீர் அவனை இழுத்துச் சென்றது. எங்களுள் நீந்தத் தெரிந்தவர் ஒருவருமில்லை. கரையில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து, அவனைக் கொணர்ந்து மணலிற் கிடத்தினார். "வாடைக்குக் கடல்ல இறங்குறதா, மனே?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை.

பெரும்பொழுது ஆறும் நெய்தலுக்கு உரியன என்பது நம்பியகப்பொருள் கூறும் முறை. நம் தீவின் கடற்கரையோ அவ்விதிக்கு அடங்குவதில்லை. வாடை வீசும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை கிழக்குக் கடல் சீறும். பெரும்பாலும் அக்காலத்திலேயே ஹிக்கடுவை, மிரிசை ஆகிய தென்மேற்குக் கரைகள் அமைதி கொள்ளும். மே முதல் செப்டெம்பர் வரை நிலைமை மாறும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை நடுமலைகளின் மேற்குச் சரிவிற் கொட்டிவிட, மலை மறைவிலுள்ள கிழக்குக் கரை வெயிலும் தெளிந்த நீருமாய்க் கிடக்கும். பொத்துவிலைத் தெரிந்தது எங்கள் பிழையன்று. டிசெம்பரைத் தெரிந்ததே பிழை.

மாதத்தை அடுத்து நோக்கத் தக்கது கரையின் அமைப்பு. பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் ஆழங்கொள்வதில்லை. அறுகம்குடாவின் தென்முனையில் எழும் நீண்ட அலை சறுக்கு வீரருக்கு உகந்தது. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் குடாவின் உட்புறமே தக்கது. கதிர்காமம் சென்று திரும்புவோர் எட்டிப் பார்க்கும் கிரிந்தை, பாறையும் அலையும் மோதும் இடம். காண இனியது, குளிப்பதற்கன்று. இன்னுமொன்று: அலைகள் கரைக்குக் கொணர்ந்த நீர், குறுகிய ஓடைபோல் ஓரிடத்திற் கூடி விரைந்து கடலுக்கு மீளும். அங்கே அலை உடைவது குறைவாகையால், அதுவே அமைதியான இடமெனத் தோன்றி அறியாதவரை அழைக்கும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடிக் களைத்தலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டும் கற்றும் அறிந்தபின், சென்ற ஓகஸ்ட் மாதத்தில் குடும்பத்தாருக்கு நானே வழிகாட்டியானேன். அறுகம்குடாவின் உட்புறக் கரை, காலைப்பொழுது, யானைகள் கடக்கும் லகுகலை வீதியை இருட்டுமுன் தாண்டித் திரும்புதல். யாவும் எண்ணியவாறே நடந்தன. எழுபது வயது கடந்த அம்மாயியும் எங்களுடன் வந்தார். வாழ்நாளெல்லாம் பால் வெட்டிய அவர், அதுவரை கடலைக் கண்டதில்லை.

கணுக்காலளவு நீரில் அவரை நிறுத்திக் கையைப் பற்றிக்கொண்டேன். நுரை காலைத் தொட்டபோது சிறுபிள்ளை போலச் சிரித்தார். சற்று நேரஞ் சென்றபின், "இந்தியா எந்தப் பக்கம்டா?" என்று கேட்டார்.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாறு 1970களிற் சென்றவர்களுள் அம்மாயியின் அக்காள் குடும்பமும் ஒன்று. பதுளையிற் புகைவண்டி ஏறி, தலைமன்னாரிற் கப்பல் ஏறினார்கள். அம்மாயி பதுளை நிலையத்துடன் நின்றுவிட்டார். சில ஆண்டுகள் கடிதம் வந்ததாம். பின்னர் அதுவும் நின்றது. கடல் என்றால் அவருக்கு அக்காளைக் கொண்டுபோன வழி என்பதை நான் எண்ணிப் பார்த்ததேயில்லை.

நாங்கள் கிழக்கு நோக்கி நின்றிருந்தோம். "இந்தப் பக்கமில்ல அம்மாயி. நமக்குப் பின்னால, மலைக்கு அந்தப் பக்கம்" என்றேன். அவர் ஒன்றும் கூறவில்லை. மெல்லத் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் அமர்ந்து, நாங்கள் வந்த திசையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டிற் படித்த இரங்கலை நான் அன்றுதான் கண்ணாற் கண்டேன். காற்றையும் மாதத்தையும் அலையையும் ஆராய்ந்த யான், உடன் வருபவரிடம் ஒரு சொற் கேட்கவில்லை. எந்தக் கடற்கரை என்று வினவும் நண்பர்களுக்கு இன்று இரண்டே சொல்வேன். முதலில் மாதத்தைப் பாருங்கள்; அது உயிரைக் காக்கும். அடுத்து, யாருக்காகச் செல்கிறீர்களோ அவரைக் கேளுங்கள்.

தலைமன்னார் எங்கள் தோட்டத்திலிருந்து தீவின் மறுகோடியில் இருக்கிறது. அம்மாயியின் முழங்கால் வலி ஆண்டுக்காண்டு கூடிவருகிறது. அடுத்த விடுமுறைக்கு அங்கு சென்றுவர என்ன வாடகை என்று வான்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.